சேன் பிரான்சுவாவில் ஊர் சுற்ற, முதலில் காற்றைப் பாருங்கள்

கரீபியத் தீவான குவாதலூப்பின் சேன் பிரான்சுவாவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அங்கே எத்தனை இடம் பார்க்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "போகிற வாரம் காற்று எப்படி இருக்குமாம்?" கேட்டவர்கள் சிரிப்பார்கள். போய் இறங்கியபின் சிரிக்க மாட்டார்கள்.

நான் புதுச்சேரிக்காரி. பாரீஸ் புறநகரில் குடியிருக்கிறேன். மகள் குவாதலூப் தீவில், சேன் பிரான்சுவாவில் ஆசிரியை. அவளைச் சாக்காக வைத்துக் குளிர்காலம் தோறும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். என்னைத் தேடி வரும் சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டும் வேலையும் என் தலையில்தான். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குவாதலூப் கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சு மாவட்டம். வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இடது சிறகு பாஸ் தேர், எரிமலையும் காடும். வலது சிறகு கிரான்த் தேர், சுண்ணாம்புப் பாறைத் தட்டைநிலமும் கரும்பும். அந்த வலது சிறகின் கிழக்குப் பக்கம்தான் சேன் பிரான்சுவா. மீன்பிடி ஊராக இருந்து விடுதி ஊரானது. அதற்குக் கிழக்கே நிலம் ஒல்லியாகி, ஒரு முனையோடு முடிந்துவிடும். பிறகு அட்லாண்டிக் தான்.

எங்கள் வைத்திக்குப்பம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அந்தக் கிழக்குக் காற்று இங்கே ஏறக்குறைய வருஷம் முழுக்க வீசுகிறது. அது குறைந்திருக்கும் நாளில் படகில் ஏறுங்கள். அது ஓங்கியிருக்கும் நாளில் காரில் மேற்கே போங்கள். நடுத்தரமாக இருந்தால் ஊருக்கு முன்னாலிருக்கும் பவளத்திட்டு அலையைத் தடுத்துக்கொள்ளும், உள்ளே குளிக்கலாம். நாளைக்கு எங்கே போவது என்பதை முந்தின நாள் இரவு வானிலை அறிக்கையைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்தே "திங்கள் இது, செவ்வாய் அது" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பாதி நாளைப் படகுக் கம்பெனியோடு வாதாடியே கழிக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்

விசா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். குவாதலூப் பிரான்ஸ்தான், யூரோதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இங்கே வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே கரீபியப் பகுதியில் உள்ள பிரெஞ்சு மாவட்டங்களுக்கென்று கேட்டு வாங்க வேண்டும். பாரீஸில் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நேர் விமானங்கள் உண்டு, எட்டு ஒன்பது மணி நேரம். வேறு தீவு வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ வருகிறவர்கள் அந்த நாட்டு இடைவழி விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. அதே மாதங்களில்தான் கூட்டமும் வாடகையும் ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இந்தப் பக்கத்தைத்தான் பிய்த்துப் போட்டது. வயதானவர்கள் இன்னமும் "ஹியூகோவுக்கு முன்னால்", "ஹியூகோவுக்குப் பின்னால்" என்று காலத்தைக் கணக்கிடுவார்கள். என்னைக் கேட்டால் மே மாதம் நல்லது. கூட்டம் கலைந்திருக்கும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

வீடு எடுக்கும்போது நீச்சல்குளம் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் நின்று போவது இந்தத் தீவின் பழைய நோய். எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் வராது என்று முறை வைத்தே அறிவிப்பார்கள். கடலில் உப்போடு ஏறி வந்து, குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தால் எப்படி இருக்கும்? தொட்டி உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று, பாசி. 2011 முதல் சர்காஸோப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து மந்தை மந்தையாக வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகத் தொடங்கினால் கெட்டுப்போன முட்டை நாற்றம். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அந்தக் கரையில் நிற்கவே கூடாது. இதற்கும் வானிலைத் துறை தனியாக அறிக்கை விடுகிறது. ஒரு கரையில் பாசி என்றால் அடுத்த கரை சுத்தமாக இருக்கலாம். அதனால் கடலைத் தொட்டபடி இருக்கும் வீட்டுக்குத் தனிக்காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கார் அவசியம். பேருந்து உண்டு, ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைப்பது அரிது. வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் மாற்றத் தெரியாதவர்கள் ஆட்டோமேட்டிக் வண்டியை மிக முன்னதாகவே சொல்லி வையுங்கள். இந்திய லைசென்ஸ் உள்ளவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிறுத்தும்போது வண்டிக்குள் ஒரு பையைக்கூடக் கண்ணில் படும்படி விடக்கூடாது.

முதல் நாள் ஊரிலேயே இருங்கள்

இறங்கிய மறுநாளே காரை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பாதீர்கள். பாரீஸ் நேரத்துக்குப் பழகிய உடம்பு விடியற்காலையிலேயே எழுந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொண்டு நேராக மீன்பிடித் துறைக்கு நடந்து போங்கள். படகுகள் வந்து நிற்கும். சூரை, சங்கரா, நீலமும் பச்சையுமாகக் கிளிமீன், சில நாள் சிங்கி இறால். தராசில் போட்டு, கேட்டால் அங்கேயே செதில் எடுத்துக் கழுவித் தருவார்கள். கழிவை வீசும் கையையே பார்த்தபடி பெலிக்கன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை என் தங்கை மகன் மீன் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போனான். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பெலிக்கன் பைக்குள் அலகை விட்டிருந்தது. மீன்காரம்மா துடைப்பத்தை ஓங்கினாள், பறவை அசையவில்லை. கடைசியில் அவளே இன்னொரு மீனை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவனுக்கு ஒரு பாடமும் எடுத்தாள்.

எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் "போன்ஜூர்" சொல்ல மறக்காதீர்கள். சொல்லாமல் விலை கேட்டால் பதில் வராது. அது திமிர் இல்லை, அங்குள்ள மரியாதை.

வெயில் ஏறியதும் ஊருக்கு மேற்கே இருக்கும் ரெசேன் கிளேர் கடற்கரைக்குப் போங்கள். திட்டுக்கு உள்ளே இருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதி, குழந்தைகளுக்கும் ஏற்றது. வட்ட இலையுள்ள கடல்திராட்சை மரங்கள் நல்ல நிழல் தரும். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் பெரிய பெரிய சட்டிகளோடு வந்து பகல் முழுக்க அங்கேயே இருப்பார்கள். அமைதி வேண்டுமென்றால் வாரநாள், கொண்டாட்டம் வேண்டுமென்றால் ஞாயிறு.

இந்த மணலுக்கு அடியில் அடிமைகளின் இடுகாடு இருக்கிறது. கடல் அரித்து எலும்புகள் வெளியே வந்து, தொல்லியலாளர்கள் அகழ்ந்து பார்த்தார்கள். மணலில் பள்ளம் தோண்டி விளையாடும் குழந்தைகளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், நகராட்சியிடம் சொல்லுங்கள்.

நிழல் என்றதும் ஓர் எச்சரிக்கை. கரையோரங்களில் மான்சினில் என்று ஒரு மரம் உண்டு. சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும், வாசனையும் நன்றாக இருக்கும், கடும் விஷம். பாலும் இலையும் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே கொப்புளம் போடும். மரத்தில் சிவப்பு வளையம் பூசியோ பலகை வைத்தோ இருப்பார்கள், ஆனால் எல்லா மரத்துக்கும் பூசியிருக்க மாட்டார்கள். கடற்கரையில் கீழே கிடக்கும் எந்தப் பழத்தையும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கிழக்கு முனை

ஊரிலிருந்து ஒரே சாலை, பத்து பதினொரு கிலோமீட்டர், அதோடு தீவு முடிந்தது. புவாந்த் தே ஷாதோ என்று பெயர். குவாதலூப் அஞ்சல் அட்டைகளில் பாதி இந்த இடம்தான். பாறைத் துண்டுகள் கடலுக்குள் உடைந்து நிற்க, அவற்றின் மேல் அட்லாண்டிக் வந்து மோதும். பக்கத்துக் குன்றின் மேல் 1951-இல் நட்ட பெரிய சிலுவை. கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். கல்லும் சரளையுமான பாதை, ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள்.

பேருந்துக் கூட்டம் பத்து மணிக்கு மேல் வரும். நீங்கள் விடியலில் போங்கள். ஜனவரியில் ஆறரை, ஜூனில் ஐந்தரை என்று வைத்துக்கொண்டால் சூரியன் கிளம்புவதைப் பார்க்கலாம். மேலே நின்றால் எதிரே நீளப்பலகையாகத் தெசிராத் தீவு, வலப்பக்கம் தட்டையாகப் பெத்தித் தேர், தள்ளி மாரி கலாந்த். திரும்பி மேற்கே பார்த்தால், வானம் தெளிவாக இருந்தால், எரிமலை. காற்று அங்கே நிற்கவிடாமல் தள்ளும். புடவை கட்டிக்கொண்டு வந்த என் நாத்தனார் சிலுவையின் அடிப்பீடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான், இறங்கும் வரை எழுந்திருக்கவில்லை. தொப்பி வேண்டாம், தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

குன்றின் கீழே அழகான மணல் வளைவு ஒன்று உங்களை அழைக்கும். அங்கே குளிக்கத் தடை. பலகையும் உண்டு. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், நீச்சல் தெரிந்தவர்களையும்தான். குளிக்க ஆசை என்றால் திரும்பும் வழியில் ஆன்ஸ் அ லா கூர்த் கரையில் நிறுத்துங்கள். அங்கேயும் திட்டுக்கு உள்ளே மட்டும். அதற்குப் பக்கத்தில் ஆன்ஸ் தரார் என்று இன்னொரு கரை இருக்கிறது. அது உடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்று ஒதுக்கியது. மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் வழிகாட்டிப் பலகையைக் கவனமாகப் படியுங்கள்.

கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தேங்காய் சொர்பே விற்பார்கள். கடையில் வாங்கும் ஐஸ்கிரீமோடு சேர்க்காதீர்கள். மரவாளிக்குள் உலோகக் குவளை, சுற்றிலும் ஐஸும் கல்லுப்பும், மேலே கைப்பிடி. தேங்காய்ப் பால், இனிப்புப் பால், வனிலா, பட்டை, எலுமிச்சைத் தோல் துருவல். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முதலில் தண்ணீர் சத்தம் கேட்கும், பிறகு சத்தம் கனத்துப்போகும், கடைசியில் கை நகராது. அப்போதுதான் மூடியைத் திறப்பார்கள். சுற்றிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். காலையில் கடை இருக்காது. அதற்காகவே நான் சாயங்காலம் இன்னொரு முறை போவேன். ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த ஊரில் கோடைக்கால நீண்ட மாலை கிடையாது.

பெத்தித் தேர், காற்று குறைந்த நாளில்

ஒரே ஒரு நாள்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள். ஆளில்லாத இரண்டு குட்டித் தீவுகள், 1998 முதல் இயற்கைப் பாதுகாப்பகம். ஒன்றில்தான் இறங்க விடுவார்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு இருப்பதால் முன்பதிவு கட்டாயம். சேன் பிரான்சுவா படகுத்துறையிலிருந்து கட்டமரான்கள் காலையில் கிளம்பும். பெயர் நம்முடைய கட்டுமரம்தான், படகு வேறு. சாப்பாட்டோடு ஆளுக்கு சுமார் 100 யூரோ. பதிவு செய்யும்போதே கேளுங்கள்: கடல் மோசமானால் வேறு நாள் தருவார்களா, பணம் திரும்புமா? தீவுக்கு உள்ளே நுழையும் வாயில் குறுகலானது. பெரிய அலை இருந்தால் யாராலும் நுழைய முடியாது, பயணம் ரத்தாகும். அதனால் தங்கும் நாட்களின் தொடக்கத்தில் பதிவு செய்தால், தள்ளிப்போட உங்களுக்கு இடமிருக்கும்.

போகும்போது காற்றுக்கு எதிரே போக வேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் படகு எழும்பி எழும்பி விழும். முகத்தில் உப்புத் தண்ணீர் அறையும். குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை, அரை மணி முன்பே போடுங்கள். முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காலையில் வாழைப்பழமும் காய்ந்த ரொட்டியும் போதும். பின்பக்கம், நடுவாக உட்காருங்கள், தொடுவானத்தையே பாருங்கள். முன்பக்க வலையில் படுத்துக்கொண்டு போட்டோ எடுப்பது திரும்பும்போது. வரும்போது காற்று முதுகில் தள்ளும், படகு வழுக்கிக்கொண்டு வரும்.

இறங்கியதும் நிழலிலெல்லாம் இகுவானா. கரீபியத்தின் கிழக்கு ஓரத் தீவு வரிசையான சிறு அந்தில் தீவுகளுக்கே உரிய இனம், மற்ற தீவுகளில் அருகிப்போனது. ஒரு பெரிய ஆண் இகுவானா என் துண்டின் ஓரத்தில் வந்து படுத்துக்கொண்டது. சாம்பல் நிறம், கழுத்தில் தொங்கும் தோல், மூச்சு விடும்போது விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன், அது நகரவில்லை. உணவு கொடுக்கவே கூடாது. தக்காளி, பழத்தோல் எதுவும் வேண்டாம். கொடுத்துப் பழக்கிவிட்டால் அது கைப்பையைத் தேடத் தொடங்கும்.

முகமூடியும் மூச்சுக்குழாயும் படகிலேயே தருவார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடி கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். முட்டளவுத் தண்ணீரில் எலுமிச்சைச் சுறாக்குட்டிகள் நீந்தும். பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் அசைந்தால் அவைதான் ஓடும். ஆமையும் திருக்கையும் கொஞ்சம் உள்ளே. ஆமையைத் துரத்தாமல் ஓரிடத்தில் மிதந்தால் அதுவே பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும். முதுகில் கிரீம் அப்புவதைவிட முழுக்கை சட்டையோடு இறங்குங்கள். தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்கும் நேரத்தில், 1840-இல் கட்டிய கலங்கரை விளக்கம் வரை நடந்து, அதன் பின்னால் இருக்கும் பாறைக்கரைக்குப் போங்கள். லகூன் பக்கம் பச்சைக் கண்ணாடியாக இருந்த அதே கடல் அங்கே பாறையில் மோதி உயர எழும்பும். குடிநீர், கழிவறை எதையும் தீவில் எதிர்பார்க்காதீர்கள்.

நீண்ட படகுப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தெசிராத் போதும். பெரிய கப்பல், முக்கால் மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பலாம். பதினொரு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம், தெற்குக் கரையோரம் ஒரு சாலை. துறையிலேயே ஸ்கூட்டரோ காரோ வாடகைக்குக் கிடைக்கும். கிழக்குக் கோடியில் பழைய பருத்தி ஆலையின் இடிபாடும் தொழுநோயாளர் குடியிருப்பின் இடிபாடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நோயாளிகளை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சிறு அந்தில் தீவுகளிலேயே பழைய பாறைகள் இங்கேதான் என்பதால் 2011-இல் இதன் ஒரு பகுதியையும் பாதுகாப்பகம் ஆக்கினார்கள். கல்லில் ஆர்வமில்லாதவர்கள் ஃபிஃபி கரையில் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கப்பல் ஏறலாம். அதுவும் நல்ல நாள்தான்.

காற்று ஓங்கிய நாளில்

தென்னங்கீற்றெல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கும் நாளில் மேற்கே, பாஸ் தேரில் உள்ள கப்பெஸ்தேர் ஊர்ப் பக்கம் போங்கள். காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு புவாந்த்-அ-பித்ர் நகரப் பக்கம் வேலைக்குப் போகும் வண்டிகளில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் போச்சு. கப்பெஸ்தேரில் ராஜபனைகள் இரு பக்கமும் நிற்கும் துமனுவார் சாலை, மலைமேல் கர்பே அருவிகள். மூன்று அருவிகளில் இரண்டாவதுதான் எல்லாரும் போகக்கூடியது. 110 மீட்டர் உயரம், நல்ல பாதை, அரை மணி நடை. எரிமலை சூஃப்ரியேர் 1,467 மீட்டர். அதற்குத் தனி நாளும் நல்ல முழங்காலும் வேண்டும். எனக்கு இரண்டாவது இல்லை.

நம் ஆட்கள் விடக்கூடாத இடம் அந்த வழியில்தான் இருக்கிறது, ஷான்ஜி கோயில். நெடுஞ்சாலையோரம் வண்ணவண்ணச் சிலைகளோடு நிற்கும், தவறவே விடமாட்டீர்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்காலில் ஏறியவர்கள் நிறைய. அவர்கள் கொண்டுவந்த மாரியம்மனும் மதுரை வீரனும் இங்கே இன்னும் பூசை பெறுகிறார்கள். பேச்சில் தமிழ் போய்விட்டது, பூசைப் பாட்டில் இருக்கிறது. நான் போன ஒரு நாள் பூசாரி கற்பூரம் காட்டியபடி பாடினார். ராகம் புரிந்தது, சொற்கள் பாதி தேய்ந்திருந்தன. இடையில் "தாயே" மட்டும் முழுசாக வந்தது. பாடி முடித்துவிட்டு என்னிடம் பிரெஞ்சில், "சரியாகப் பாடினேனா?" என்றார். என் பாட்டி பாடினது மாதிரியே இருந்தது என்றேன்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: பூசை நடந்தால் வாசலிலேயே நின்று அனுமதி கேளுங்கள். பெரிய வேண்டுதல் பூசைகளில் கிடா வெட்டு உண்டு, பார்க்க முடியாதவர்கள் அன்று போக வேண்டாம். போனை நீட்டிக்கொண்டு நுழையாதீர்கள். அவர்கள் உச்சரிப்பைத் திருத்தும் வேலையும் நமக்கு வேண்டாம். இந்த மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டும் சும்மா கிடைக்கவில்லை. கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை அதற்காகப் போராடியிருக்கிறார். சேன் பிரான்சுவா, பக்கத்து ஊரான லெ மூல் பக்கம் கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி என்று பெயர் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழையும் சேர்ந்துகொண்ட நாள் என்றால் புவாந்த்-அ-பித்ர் நகரில் மெமோரியல் ஆக்த் அருங்காட்சியகம். பழைய தார்புசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறந்தது, அடிமைமுறையின் வரலாறு முழுக்க. மூன்று மணி நேரமாவது வேண்டும். சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே அரை நாள் ஓட்ட வேண்டுமா? லெ மூல் சாலையில் செவாலோஸ் மாளிகை, பேய் இருக்கிறது என்று உள்ளூரில் எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி தமுவாசோ ரம் ஆலை, பழைய காற்றாலையோடு. கரும்பு வெட்டும் காலத்தில் போனால்தான் அதில் உயிர் இருக்கும். பிப்ரவரிக்கு மேல் அந்தச் சாலையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து போகத் தயாராக இருங்கள்.

கோல்ஃப் மைதானம், ஜெட் ஸ்கி, சூதாட்ட விடுதி எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

சாப்பாடு

ரோட்டோர வண்டியில் போக்கித் வாங்குங்கள். மாவை எண்ணெயில் பொரித்துப் பிளந்து உள்ளே கோழியோ கருவாட்டு மீனோ முட்டையோ வைத்துத் தருவார்கள். ஒன்று தின்றால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மிளகாய் போடவா என்று கேட்பார்கள். நாம் காரக்காரர்கள் என்ற வீராப்பு வேண்டாம், அந்த மிளகாய் வேறு ஜாதி. கொஞ்சமாக ஓரத்தில் கேளுங்கள். கொலொம்போ என்று பலகையில் இருந்தால் கட்டாயம் சாப்பிட வேண்டும். மல்லி, மஞ்சள், கடுகு, சீரகம், வெந்தயம் சேர்ந்த நம் குழம்புப் பொடியின் வழியில் வந்தது. ஆட்டுக்கறி கொலொம்போதான் சிறந்தது. சந்தையில் அந்தப் பொடியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் வத்தக்குழம்பு வைத்த உறவினர் ஒருத்தி இருக்கிறாள். நன்றாகவே வந்ததாம்.

சைவம் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று இரண்டையும் சொல்லுங்கள், கறி இல்லை என்றால் மீன் போட்டுவிடுவார்கள். சிவப்பு அவரைக் குழம்பில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சௌசௌவைப் பாலாடைக்கட்டியோடு சுட்டுத் தருவது கிறிஸ்தோஃபின் கிராத்தன், அதை நம்பலாம். ஈரப்பலா, வாழைக்காய், பூசணி, சேம்பு எல்லாம் சந்தையில் குவிந்திருக்கும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் கவலையே இல்லை.

கடைசி நாள்

பாரீஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில்தான். காலையில் ரெசேன் கிளேரில் ஒரு குளியல், வீட்டைக் காலி செய்து, தெற்குச் சாலையை விட்டுவிட்டு லெ மூல் வழியாகப் போங்கள். மோர்ன்-அ-லோவில் சரிவு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓடு பதித்த கல்லறைகள். வீடு மாதிரியே சில, மாடி வைத்த சில. அரை மணி நேரம் நடந்து பார்க்கலாம். அதே சாலை விமான நிலையப் பக்கம் கொண்டு விட்டுவிடும். வேலை முடிந்து திரும்பும் கூட்டம் நான்கு மணிக்குச் சாலையை அடைக்கும், மூன்றுக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். பெட்ரோல் விலையை அரசாங்கம்தான் நிர்ணயிக்கிறது, எல்லா பங்கிலும் ஒன்றுதான். அதனால் மலிவாகத் தேடி அலையாமல் விமான நிலையத்துக்கு முன்னால் வரும் பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஊழியரே வந்து நிரப்புவார், இறங்கிக் குழாயைப் பிடிக்காதீர்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் காலுறையிலும் துண்டிலும் இருக்கும் மணலை உதறிவிடுங்கள். இருக்கையில் மணல் கிடந்தால் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போடும் கம்பெனிகள் உண்டு.